பரணில் நனைந்த நாயகர்கள்

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது அப்பா தன் அலுவலகத்தில் கழித்துப்போட்ட ஒரு பெரிய பேரேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பற்று, வரவு என்று சிவப்புக் கோடு போட்ட தடித்த பக்கங்கள். பாதிக்கு மேல் காலியாக இருந்தது. 1983 ஜூனில் அதில் முதல் படத்தை ஒட்டினேன், 1989-இல் கடைசிப் படத்தை. கபில்தேவ், பி.டி.உஷா, மாரடோனா, போரிஸ் பெக்கர், ஸ்டெஃபி கிராஃப், கார்ல் லூயிஸ், விஸ்வநாதன் ஆனந்த் என்று நான் கும்பிட்ட விளையாட்டு நாயகர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். பத்திரிகைகளில் வந்த அவர்கள் படங்களையும் செய்திகளையும் நான் வெட்டி ஒட்டுவேன். அப்பா இரவில் வந்து ஓரத்தில் தன் மைப்பேனாவால் தேதி எழுதுவார். ஆறு வருடம் எங்கள் இருவருக்குள் நடந்த வேலை அது. அந்தப் பேரேட்டை நான் எப்படிப் பாழாக்கினேன், அதில் எதை மீட்டேன் என்பதை எழுதுகிறேன். இதே போல ஒரு நோட்டு உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம். என்னிடம் அப்போது யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஒன்றரை வருடச் சனிக்கிழமைகளும் அரை மாதச் சம்பளமும் மிஞ்சியிருக்கும். பணம் போனது போகட்டும், உஷாவின் பக்கம் கருகாமல் இருந்திருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பெருமழையில் பரணுக்கு மேலே கூரை ஒழுகியது. டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கித் திறந்தபோது அடியில் ஒரு விரற்கடை அளவுக்குத் தண்ணீர். பேரேட்டின் கீழ்ப்பாதி ஊறியிருந்தது. மேல்பாதியில் வேறொரு கொடுமை: மைதா மாவைக் காய்ச்சிச் செய்த பசையைத் தேடி வந்த வெள்ளிப்பூச்சிகள் படங்களின் ஓரங்களைச் சுரண்டித் தின்றிருந்தன. இத்தனை வருடம் நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டேன். அன்று இரவு நெஞ்சு அடைத்தது போல இருந்தது. அந்தப் பதற்றத்தில்தான் முதல் தவறைச் செய்தேன்.

மறுநாள் வெயில் அடித்தது. பேரேட்டை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் விரித்து வைத்தேன். மதியத்துக்குள் காய்ந்துவிட்டது, ஆனால் அப்பளம் போல நெளிந்து, தொட்டால் ஒடிகிற தாளாகிவிட்டது. அதைவிடப் பெரிய நஷ்டம் நடுவில் இருந்த பத்திரிகைச் சுவரொட்டிகளுக்கு. அவை வழவழப்பான தாளில் அச்சானவை. அந்த வழவழப்புக்குக் காரணம் தாளின் மேல் பூசியிருக்கும் மெல்லிய பூச்சு. நனைந்தால் அது பசையாக மாறுகிறது, அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்கின்றன. மாரடோனாவும் பெக்கரும் ஒரே அட்டையாகிப் போனார்கள். பிரிக்க முயன்றால் இருவருமே கிழிவார்கள் என்பதால் அப்படியே வைத்திருக்கிறேன்.

செய்திருக்க வேண்டியது இதுதான். நனைந்த தாளை வெயிலில் வைக்காதீர்கள், சூடான காற்றையும் அடிக்காதீர்கள். நிழலில், காற்று உலவும் அறையில், சில பக்கங்களுக்கு ஒன்றாக மை ஒற்றும் தாளையோ அச்சில்லாத வெள்ளைத் தாளையோ செருகி, அது ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மின்விசிறி அறையில் ஓடலாம், தாளின் மேல் நேராக அடிக்கக் கூடாது. 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் முடியாது என்று தெரிந்தால் பிளாஸ்டிக் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடலாம். கேட்கும்போது விபரீதமாகத் தோன்றும், ஆனால் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் வெள்ளத்தில் நனைந்த புத்தகங்களுக்கு இதைத்தான் செய்கின்றன. உறைந்த தாளில் பூஞ்சை வளராது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாக உலர்த்தலாம். வழவழப்புத் தாளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஈரம் போவதற்குள் உறையவைத்துவிட வேண்டும்.

அப்பா எழுதிய தேதிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மைப்பேனாவின் மை பெரும்பாலும் தண்ணீரில் கரைகிற சாயம். நனைந்த பக்கங்களில் தேதி இருந்த இடத்தில் வெளிறிய நீலப் படலம் மட்டும் இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் 8 என்ற எண்ணின் மேல்வளைவு தெரிந்தது. நான் பால்பாயிண்ட் பேனாவில் கிறுக்கிய எழுத்துகள் எண்ணெய் மை என்பதால் அப்படியே இருந்தன. கிறுக்கல் தங்கிவிட்டது, அப்பாவின் அழகான கையெழுத்து போய்விட்டது. அன்று அழுதேன்.

இரண்டாவது தவறு, ஒட்டுநாடா. பசை தீர்ந்துபோன நாட்களில் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தேன். அது பழுப்பாகி, சில இடங்களில் தானே உதிர்ந்து, தாளில் தேன் நிறத்தில் கறையை விட்டிருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று மிச்சமிருந்ததை நகத்தால் உரித்தேன். ஸ்டெஃபி கிராஃப் 1988-இல் நான்கு கிராண்ட்ஸ்லாம் டென்னிஸ் பட்டங்களையும் வென்று அதே வருடம் சியோல் ஒலிம்பிக்கில் தங்கமும் வாங்கியபோது வந்த படம் அது. நாடாவோடு அவருடைய கன்னமும் நெற்றியும் உரிந்து வந்துவிட்டன. அச்சு மை தாளின் மேல்தோலில்தான் இருக்கிறது, தோல் போனால் படம் போய்விடும். பழைய நாடாவைத் தொடாதீர்கள். கறை இருந்தாலும் படம் இருக்கிறது, அதுதான் முக்கியம். ஒட்டுநாடாவை எடுப்பதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய கைக்கு விட்டுவிடுங்கள்.

மூன்றாவது தவறுதான் இன்றும் உறுத்துகிறது. இனி எதுவும் ஆகக் கூடாது என்ற பயத்தில், மிகவும் பிரியமான 18 துண்டுகளைப் பேரேட்டிலிருந்து பிரித்து லேமினேஷன் செய்யக் கொண்டுபோனேன். முதல் சில தாள்கள் பளபளவென்று வெளியே வந்தபோது மனம் குளிர்ந்தது. ஏழாவதாக உஷா. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிப் போட்டி. மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் தங்கம் வென்றார். வெண்கலம் வென்ற ருமேனியப் பெண்ணின் நேரம் 55.41 விநாடி, உஷாவுக்கு 55.42. நூறில் ஒரு பங்கு விநாடி. பதினொரு வயதில் அந்த இரண்டு எண்களையும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். நெளிந்திருந்த அந்தத் தாள் இயந்திரத்தின் உருளையில் சிக்கி மடிந்து நின்றது. கடைக்காரர் திருப்பி இழுப்பதற்குள் நடுவில் ஒரு பழுப்புப் பட்டை ஓடிவிட்டது. புகை வாசம் வந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நெளிந்த, நொறுங்கும் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

கருகாமல் தப்பிய 17-உம் தப்பிவிடவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. செய்தித்தாள் மலிவான மரக்கூழில் செய்யப்படுகிறது. அதில் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டு அது மாறும்போது தாள் மஞ்சளாகிறது, அமிலம் கூடி நொறுங்குகிறது. லேமினேஷன் அந்த அமிலத்தை உள்ளேயே வைத்துப் பூட்டுகிறது. சூட்டில் உருகிய பசை தாளின் இழைகளுக்குள் இறங்கிவிடுவதால் பிறகு பிரிக்கவே முடியாது. காப்பகங்களில் வேலை செய்பவர்கள் லேமினேஷன் என்றாலே முகம் சுளிப்பது இதனால்தான். அதற்குப் பதிலாக அவர்கள் செய்வது, இரண்டு தெளிவான பாலியெஸ்டர் தாள்களுக்கு நடுவே துண்டை ஒட்டாமல் வைத்து, ஓரங்களை மட்டும் மூடுவது. வேண்டும்போது ஓரத்தை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கில் செய்த உறைகள் வேண்டாம், அதிலிருந்து கசியும் பொருள் அச்சு மையை இழுத்து ஒட்டிக்கொள்ளும். பின்னால் வைக்கும் தாள் அமிலம் நீக்கிய தாளாக இருக்க வேண்டும். சாதாரண அட்டையை வைத்தால் அதன் அமிலமும் படத்துக்கு ஏறும்.

இவ்வளவுக்குப் பிறகாவது நிதானித்திருக்க வேண்டும். நிதானிக்கவில்லை. பழைய படங்களை ஸ்கேன் செய்து சீராக்கித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் பேரேட்டில் மீதியிருந்ததை மொத்தமாகக் கொடுத்தேன். அரை மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கேட்டார், கொடுத்தேன். ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தது. பழைய பேப்பருக்கு ரசீதா என்று நினைத்துவிடுவாரோ என்று தோன்றியது. மூன்று வாரம் என்றவர் நான்கு மாதம் இழுத்தார். கடைசியில் வந்த படங்களைப் பெரிதாக்கினால் எழுத்துகள் புகையாகத் தெரிந்தன. திரும்பி வந்த கட்டில் 11 துண்டுகள் குறைந்தன. அவர் எல்லாம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். என்ன கொடுத்தேன் என்பதற்கு என்னிடம் ஒரு பட்டியல்கூட இல்லை. எந்த 11 என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது, அதுவும் பேரேட்டில் பசைத் தடம் மட்டும் இருந்த கட்டங்களை எண்ணித்தான்.

ஆகவே வெளியாளிடம் கொடுக்கும்முன் ஒவ்வொரு பக்கத்தையும் உங்கள் கைபேசியிலேயே படம் எடுத்துவிடுங்கள். ஓரத்தில் மெல்லிய பென்சிலால் எண் போடுங்கள். பட்டியலில் அவர் கையெழுத்தை வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். முதலில் பத்துத் துண்டுகள் மட்டும் கொடுங்கள். அவை திரும்பி வந்து, பெரிதாக்கிப் பார்த்து, திருப்தியானால்தான் அடுத்த பத்து. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்க வேண்டாம்.

உண்மையில் இந்த வேலைக்கு வெளியாள் தேவையே இல்லை. ஒரு சாதாரண தட்டை ஸ்கேனர் போதும். அதற்கு நான் செலவழித்தது முன்பணமாக இழந்ததைவிடக் குறைவு. செய்தித்தாளை ஸ்கேன் செய்தால் பின்பக்கத்து எழுத்துகள் முன்னால் நிழலாகத் தெரியும், அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது: துண்டுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள். நிழல் மறைந்துவிடும். தாள் கொஞ்சம் இருண்டு தெரியும், பிறகு சரிசெய்துகொள்ளலாம். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. பொடி எழுத்துகளுக்கு 600 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள், வையுங்கள், 300-க்குக் கீழே போகவே வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ணத்திலேயே எடுங்கள். சிவப்புப் பென்சில் வட்டமும் நீல மையும் அப்போதுதான் தனியாகத் தெரியும். அச்சுப் படங்கள் புள்ளிகளால் ஆனவை என்பதால் ஸ்கேன் செய்தால் அலை அலையாகக் கோடுகள் விழும். அதை நீக்கும் வசதி பெரும்பாலான ஸ்கேனர் மென்பொருளிலேயே இருக்கிறது. அந்த வசதியைப் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று என இரண்டு பிரதிகள் எடுத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன், அதில் ஒன்று இந்த வீட்டிலேயே இல்லை, தங்கையிடம் இருக்கிறது. மறுபடியும் கூரை ஒழுகலாம்.

காணாமல் போன 11 துண்டுகளைத் தேடி நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். பழைய நாளிதழ்களைப் பக்கம் பக்கமாகச் சிறிதாக்கிப் படம்பிடித்து மைக்ரோஃபிலிம் சுருளில் வைத்திருந்தார்கள். தேதி தெரிந்தால் அரை மணி நேர வேலை, தெரியாவிட்டால் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அப்பாவின் தேதிகள் கரைந்துவிட்டன. பத்து வயதில் படத்தை அழகாக வெட்டுகிறேன் என்று பக்கத்தின் தலையில் இருந்த தேதியையும் பத்திரிகைப் பெயரையும் நானே வெட்டி எறிந்திருந்தேன். விளையாட்டுச் செய்திகளில் ஒரு வசதி, போட்டி நடந்த நாள் எங்கேயாவது பதிவாகியிருக்கும். ஆனால் அதற்கு மறுநாள் பத்திரிகையைப் புரட்டினால் கிடைக்காமல் போகலாம். கருகிப்போன உஷாவின் செய்தியையும் தேடினேன், அதற்காக இரண்டு சனிக்கிழமைகளை அப்படித்தான் வீணாக்கினேன். ஓட்டம் அமெரிக்காவில் ஆகஸ்ட் 8 அன்று நடந்தது. இந்தியாவில் அப்போது 9-ஆம் தேதி பிறந்துவிட்டது, காலைப் பத்திரிகை அச்சாகி முடிந்திருந்தது. நான் தேடிய செய்தி 10-ஆம் தேதி இதழில் இருந்தது. அப்போதுதான் அந்த நீலப் படலத்தில் தெரிந்த 8-இன் மேல்வளைவு எதைச் சொன்னது என்று புரிந்தது: 10-8-84. உங்கள் துண்டுகளிலும் தேதி இல்லையென்றால் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட தேர்வு முடிவோ, வேறொரு ஆட்டத்தின் ஸ்கோரோ இருக்கும். அதை வைத்தே வாரத்தைப் பிடித்துவிடலாம்.

இந்தத் தேடலில்தான் இன்னொன்றும் நடந்தது. 1983 உலகக் கோப்பை கிரிக்கெட்டில் கபில்தேவ் ஜிம்பாப்வேக்கு எதிராக 175 ரன் அடித்ததை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன் என்று முப்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை, என் கண்ணுக்குள் அந்த ஆட்டம் ஓடியது. இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானம், 17 ரன்னுக்கு 5 விக்கெட், கபில் மட்டையைச் சுழற்றுகிறார், எதிர்முனையில் கிர்மானி நிற்கிறார், ஒன்பதாவது விக்கெட்டுக்கு இருவரும் பிரியாமல் 126 ரன். எல்லாம் தெளிவாகத் தெரியும். ஆனால் 1983 ஜூன் 18 அன்று நடந்த அந்த ஆட்டம் தொலைக்காட்சியில் காட்டப்படவே இல்லை. அதன் பதிவு எதுவும் இல்லை. உலகத்தில் யாருமே திரையில் பார்க்காத ஒன்றை நான் பார்த்ததாக நம்பியிருக்கிறேன். பேரேட்டின் முதல் பக்கத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கியபோது, ஸ்கோர் பட்டியலுக்குக் கீழே என் கோணல் எழுத்து தெரிந்தது: "அப்பா படித்துக் காட்டினார்."

அவ்வளவுதான் நடந்திருக்கிறது. அப்பா பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்திருக்கிறார், நான் தரையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பிறகு ஒரு வாரத்தில் இறுதி ஆட்டம் வந்தது. 183 ரன்னை வைத்துக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளை 140-க்குச் சுருட்டிய அந்த ஆட்டத்தைப் பக்கத்து வீட்டுத் திரையில் பார்த்தேன், கபில் பின்னோக்கி ஓடி ரிச்சர்ட்ஸின் கேட்சைப் பிடித்ததையும் பார்த்தேன். அந்தக் காட்சியும் அப்பாவின் குரலும் கலந்து ஒரு 175-ஐ எனக்குள் உண்டாக்கியிருக்கின்றன. எனக்கு வெட்கமாக இல்லை. என் நாயகனை நான் முதலில் கண்டது அப்பாவின் குரலில் என்று தெரிந்துகொண்டேன். அந்த மூன்று சொற்கள் இல்லாவிட்டால் இது ஒருநாளும் தெரிந்திருக்காது.

அதிலிருந்து என் வேலையின் வரிசையே மாறிவிட்டது. காணாமல் போன 11-இல் 9 செய்திகளை மைக்ரோஃபிலிமில் கண்டுபிடித்துப் பிரதி எடுத்துவிட்டேன். நூலகங்கள் இருக்கும்வரை செய்தி அழியாது. கையெழுத்துக்கு வேறு பிரதி கிடையாது. நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் அழகான படங்களிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், யாராவது எதையாவது எழுதிய பக்கங்களை முதலில் எடுங்கள். நான் பிரியமான படங்கள் என்று பொறுக்கிய அந்த 18-இல் ஆறில்தான் கையெழுத்து இருந்தது.

பேரேடு இப்போது படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டில், அமிலம் நீக்கிய பெட்டியில் இருக்கிறது. பரணில் வெப்பமும் ஈரமும் மாறி மாறி வரும், தரையில் பூச்சி வரும், வெளிச்சுவரில் கசிவு வரும். மனிதர் உட்கார வசதியான அறைதான் தாளுக்கும் நல்ல அறை. மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன்.

போன வாரம்தான் கடைசிப் பக்கங்களை ஸ்கேன் செய்து முடித்தேன். அதில் பென் ஜான்சன் இருந்தார். 1988 செப்டம்பரில் சியோலில் 9.79 விநாடியில் நூறு மீட்டர் ஓடி, கையை உயர்த்தி முடித்த படம். அரைப் பக்கத்துக்கு ஒட்டியிருந்தேன். மூன்றாம் நாள் ஊக்கமருந்து என்று தெரிந்து பதக்கத்தைப் பறித்துக் கார்ல் லூயிஸுக்குக் கொடுத்தார்கள். அன்று பால்பாயிண்ட் பேனாவை எடுத்து அவர் முகத்தின் மேல் கோடு கோடாகக் கீறியிருக்கிறேன். தாள் கிழிந்து பேரேட்டில் பள்ளம் விழும் அளவுக்கு அழுத்தம். எனக்கு அது நினைவில் இருந்தது. ஓரத்தில் இருந்ததுதான் நினைவில் இல்லை. தண்ணீர் எட்டாத மேல்மூலையில், அப்பாவின் மைப்பேனாவில், தேதிக்குப் பக்கத்தில்: "கிழிக்காதே. இதுவும் இருக்கட்டும்."

கறுப்புத் தாளைப் பின்னால் வைத்து, 600 டிபிஐயில், இரண்டு முறை எடுத்தேன்.